வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆனவரிடம் நலம் விசாரித்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "வலியே இல்லை டாக்டர், பிறகு எதற்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?" வலியில்லை என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அந்த விடையின் பிற்பகுதியை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டவர், வலி இல்லாத காலத்திலும், மருத்துவர் குறித்துக் கொடுத்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் உடலில் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த மூட்டு என்ற விவரம் மருத்துவமனைக் கோப்பில் மட்டுமன்றி அவர் கையிலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் நம் ஊரில் இன்னும் வழக்கமாகவில்லை.

நான் மூட்டு அறுவை மருத்துவர் அல்லேன். நோய்க்குறியியல் துறையில் பணியாற்றுபவன். உங்களில் பலர் எங்களைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அறுவை அரங்கில் அகற்றப்படும் திசு ஃபார்மலின் நிரப்பிய குப்பியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும். அதை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை தருவது எங்கள் பணி. பழுதான செயற்கை மூட்டை எடுத்துவிட்டு வேறொன்று பொருத்தும்போது, பழைய மூட்டைச் சூழ்ந்து வளர்ந்திருந்த சவ்வும் அவ்வாறு வரும். உடன் வரும் படிவத்தில் 'வலி, ஆறு மாதமாக' என்று எழுதியிருக்கும். சவ்வைப் பார்த்தாலோ, பல ஆண்டுகளாக அங்கே நடந்துவந்த ஒரு போராட்டம் தெரியும். அந்த ஆறு மாதத்துக்கும் பல ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் என்னை இதை எழுதத் தூண்டியது.

செயற்கை இடுப்பு மூட்டின் அமைப்பு எளியது. தொடை எலும்பின் உட்குழலில் இறங்கும் உலோகத் தண்டு, அதன் கழுத்தில் பொருந்தும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்தினுள் அமரும் உள்ளுறை என நான்கு உறுப்புகள். உள்ளுறை பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனது. பந்து உலோகமாகவோ செராமிக்காகவோ இருக்கும். ஓரளவு நடமாடும் மனிதரின் ஒவ்வொரு காலும் ஓராண்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் அடி எடுத்து வைக்கிறது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைச் சுமந்தபடி பந்து உள்ளுறையின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. ஆட்டுக்கல்லும் குழவியும் தேய்வதைப் போல இங்கும் தேய்மானம் உண்டு. பழைய வகைப் பாலிஎத்திலீன் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். பத்தாண்டில் அது ஒரு மில்லிமீட்டர். உள்ளுறை அந்த அளவு மெலிவது பெரிய குறையன்று. தேய்ந்த பொருள் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். ஆட்டுக்கல்லின் தூள் மாவோடு போய்விடும். மூட்டுக்குள் உதிர்ந்த தூளில் சிறு பங்கு நிணநீர் வழியாக அப்பால் செல்லும். மீதம் மூட்டைச் சுற்றியே தங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் லட்சக்கணக்கில் உதிரும் இத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், நம் இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஏழு மைக்ரான்.

இங்கே ஒரு வியப்பான உண்மை உண்டு. பாலிஎத்திலீனைக் கட்டியாக உடலினுள் வைத்தால் உடல் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதுவே தூளாகும்போது பொறுத்துக்கொள்வதில்லை. கருங்கல் தூணில் சாய்ந்தபடி ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். அதே கல்லை உடைக்கும் குவாரியில் தூசியைச் சுவாசித்தவரின் நுரையீரல் சில ஆண்டுகளிலேயே இறுகிப்போகிறது. இரண்டு இடங்களிலும் பதிலடி கொடுப்பவை ஒரே வகை அணுக்கள்தான். மேக்ரோஃபேஜ் எனப்படும் அந்த விழுங்கணுக்கள் உடலின் துப்புரவுப் பணியாளர்கள். கிருமியானாலும் செத்த அணுவானாலும் விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. தாம் விழுங்கக்கூடிய அளவுள்ள துகளைக் கண்டால் அது கிருமியா நெகிழியா என்று பார்க்காமல் விழுங்கிவிடுகின்றன. நெகிழியைச் செரிக்கும் நொதி அவற்றிடம் இல்லை. விழுங்கியதைச் செரிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கும் விழுங்கணு, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிட்டுத் துணைக்கு ஆள் அழைக்கிறது. மேலும் விழுங்கணுக்கள் வருகின்றன. சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களாகின்றன. மூட்டைச் சுற்றிப் புதிய சவ்வு தடிக்கிறது.

அந்த அழைப்பு, அழைக்கப்படாத ஒருவரின் காதிலும் விழுந்துவிடுகிறது. எலும்பைக் கரைப்பதற்கென்றே ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற அணுக்கள் நம் உடலில் உண்டு. பழைய எலும்பை இவை கரைக்க, வேறு அணுக்கள் புதிய எலும்பைக் கட்ட, வாழ்நாள் முழுவதும் அந்தக் கணக்கு சரியாக ஓடிக்கொண்டிருக்கும். துகள்கள் குவிந்த இடத்தில் கரைப்பவற்றின் கை ஓங்குகிறது. எலும்பில் சிறு குழிகள் தோன்றி, பெருகி, ஒன்று சேர்கின்றன. மூட்டுநீரின் அழுத்தம் துகள்களைக் கிண்ணத்தின் திருகாணித் துளைகள் வழியாகவும் தண்டின் ஓரமாகவும் தள்ளிச் செல்வதால், தேய்மானம் நடக்கும் இடத்திலிருந்து விலகிய பகுதியிலும் குழி விழுவதுண்டு. இதை எலும்பு அரிப்பு என்கிறோம். தண்டும் கிண்ணமும் எலும்பைப் பற்றி நிற்கும்வரை இந்த அரிப்பு வலிக்காது. கரையான் உள்ளே தின்ற உத்தரம் வெளியே பூச்சுக் குலையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பற்றுதல் விட்டு மூட்டு அசையத் தொடங்கும்போதோ, மெலிந்த எலும்பு முறியும்போதோதான் வலி வருகிறது. அதற்குள் எலும்பில் பெரும்பகுதி போயிருக்கலாம்.

எங்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று ஆர்வலர்கள் கேட்பதுண்டு. சாதாரண ஒளியில் நெகிழித் துகள்கள் ஏறக்குறையக் கண்ணாடி போன்றவை, எளிதில் தெரியா. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தி, இரண்டாவது வடிகட்டியைத் திருப்பியதும் களம் இருண்டுவிடும். விழுங்கணுக்களின் வயிற்றிலுள்ள நெகிழி மட்டும் கார்த்திகை விளக்குகளைப் போல வெண்மையாக ஒளிரும். உலோகத் துகள்கள் ஒளிரா, கரும்புள்ளிகளாகவே இருக்கும். நோயாளிக்கு இதில் அழகு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

துகள்களின் தீங்கு அண்மையில் அறியப்பட்டதும் அன்று. நவீன இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் இறுதியில் டெஃப்லான் என்ற நெகிழியால் கிண்ணம் செய்து பொருத்தினார். இன்று தோசைக்கல்லில் ஒட்டாத பூச்சாக நாம் அறிந்த அதே பொருள்தான். வழுவழுப்பானது, எதனோடும் வினைபுரியாதது என்ற நம்பிக்கையில் சுமார் 300 பேருக்கு அதைப் பொருத்தினார். அவர்கள் வலியின்றி நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணங்கள் வேகமாகத் தேய்ந்தன. திறந்து பார்த்தபோது மூட்டைச் சுற்றிப் பாலாடைக்கட்டி போன்ற பொருள் திரண்டிருந்தது. தான் பொருத்திய மூட்டுகளைத் தானே அகற்ற வேண்டிய நிலை அவருக்கு வந்தது. 1962இல் பாலிஎத்திலீன் அவரிடம் வந்தது. நெசவாலை இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்காக விற்கப்பட்ட பொருள் அது. இம்முறை அவர் அவசரப்படவில்லை. டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன் தொடையிலேயே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் கவனித்தார். டெஃப்லான் செலுத்திய இடத்தில் கட்டிகள் பருத்தன. பாலிஎத்திலீன் செலுத்திய இடம் கைக்கு ஏறக்குறையத் தட்டுப்படவே இல்லை. 1963இல் இதை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அத்தகைய சோதனைக்கு இசைவு தராது. ஆயினும் தான் பொருத்தப்போகும் பொருளின் தூள் உடலில் என்ன செய்யும் என்ற கேள்வியைத் தன் உடலிலேயே கேட்டுப் பார்த்த அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னாளில் மூட்டு விற்கப் புறப்பட்ட சிலருக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

பாலிஎத்திலீனும் முற்றிலும் குற்றமற்றதாக நிற்கவில்லை. அது டெஃப்லானைவிட மிக மெதுவாகத் தேய்ந்ததால் அரிப்பு தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்போதும் பழி எலும்புச் சிமென்ட்டின்மேல் விழுந்தது. 'சிமென்ட் நோய்' என்று பெயரே வைத்தார்கள். சிமென்ட் இல்லாத மூட்டுகளை வடிவமைத்த பின்பும் எலும்பு அரிப்பு தொடர்ந்தபோதுதான், முதன்மைக் காரணம் நெகிழித் தூள் என்பது உறுதிப்பட்டது. 1990களின் இறுதியில் கதிரியக்கத்தால் மூலக்கூறுகளைப் பின்னிப் பிணைத்த புதுவகைப் பாலிஎத்திலீன் வந்தது. இதன் தேய்மானம் பழையதில் சிறு பங்கே. ஆண்டுத் தேய்மானம் 0.05 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் எலும்பு அரிப்பு அரிதாகவே காணப்படுகிறது. புதுவகை உள்ளுறைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் நிற்கின்றன. எனவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் இரவில் உறக்கம் இழக்க வேண்டியதில்லை. 2019இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வின்படி, பொருத்தி 25 ஆண்டுகள் ஆன இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு மறு அறுவையின்றி உழைத்திருக்கின்றன. அவற்றில் பல பழைய பொருள்களால் ஆனவை. வேறெந்த இயந்திர உறுப்பு உடலுக்குள் கால் நூற்றாண்டு உழைக்கிறது?

உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுகளின் கதை வேறு. தேய்மானம் குறையும், இளம் வயதினருக்கு நீண்ட காலம் உழைக்கும் என்ற நம்பிக்கையில், கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகப் பந்தை உலோகக் கிண்ணத்திலேயே சுழலவிட்ட வகை அது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பெரிதும் விற்பனையானது. தேய்ந்த பொருளின் மொத்த அளவு குறைவுதான். ஆனால் துகள்கள் மைக்ரானில் சிறு பின்னமே ஆன நுண்மை கொண்டவை. எண்ணிக்கையோ மிகப் பெரிது. அவற்றிலிருந்து கோபால்ட், குரோமியம் அயனிகள் இரத்தத்தில் கலந்தன. சிலருடைய உடலில் விழுங்கணுக்களோடு நில்லாமல் லிம்ஃபோசைட் எனும் நோயெதிர்ப்பு அணுக்களும் திரண்டெழுந்தன. நுண்ணோக்கியில் இரத்தக் குழாய்களைச் சுற்றி அவை வளையம் கட்டி நிற்கும். பக்கத்துத் திசு உயிரிழந்து வெளிறியிருக்கும். எலும்போடு தசையும் சேர்ந்து அழியும். சிலருக்கு நீர் கோத்த கட்டி வளர்ந்து நரம்பையும் இரத்தக் குழாயையும் அழுத்தும். அதற்குப் 'பொய்க்கட்டி' என்ற பொருள்படும் பெயர் உண்டு. அந்தப் பெயரை அறிக்கையில் பார்த்துப் புற்றுநோயோ என்று அஞ்சி வருவோர் உண்டு. அது புற்றுநோய் அன்று.

இவ்வகையில் டெப்யூ நிறுவனத்தின் 'ஏ.எஸ்.ஆர்.' மூட்டு பெயர் பெற்றது, நல்ல பெயரன்று. 2010 ஆகஸ்ட்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டபோது ஏறத்தாழ 93,000 பேர் உடலில் அது இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் எட்டில் ஒருவர் என்ற அளவில் மறு அறுவை தேவைப்பட்டதாக இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின் தரவுகள் காட்டின. பிரிட்டனின் வழிகாட்டு அமைப்பு நல்ல மூட்டுக்கு வகுத்திருக்கும் அளவுகோல், பத்து ஆண்டுகளில் 100 பேருக்கு 5 பேருக்கு மேல் மறு அறுவை கூடாது என்பது. இந்தக் குறையை எழுப்பியவர்களில் முன்னணியில் நின்றது ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு. எந்த நோயாளிக்கு எந்த மூட்டு, எப்போது வைக்கப்பட்டது, எப்போது அகற்றப்பட்டது என்ற எளிய கணக்கை அது பொறுமையாக எழுதிவந்தது. கணக்கே உண்மையைச் சொல்லிவிட்டது.

இந்தியாவில் என்ன நடந்தது? இங்கே சுமார் 4,700 அறுவைகளில் அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க இயலவில்லை. 2018இல் இழப்பீட்டுக்கான கணக்கீட்டு முறை அறிவிக்கப்பட்டது. 30 லட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை. பணம் பெற உரிமையுள்ளவர்களுக்கே அந்த உரிமை தெரியாது. இழப்பீடு கிடக்கட்டும், இரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்க வேண்டும், தசை அழிகிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற செய்தியாவது அவர்களைச் சென்றடைந்திருக்க வேண்டாமா? அவர்களிடம் அறுவை நடந்த ஆண்டும், ஊரும், ஒருவேளை மருத்துவரின் பெயரும் இருந்திருக்கும். மூட்டின் பெயர் இருந்திருக்காது.

இந்த 3,600 என்ற எண்ணே என் வாதத்தின் மையம். செயற்கை மூட்டின் ஒவ்வோர் உறுப்பும் அடைக்கப்பட்டு வரும் பெட்டிக்குள், நிறுவனத்தின் பெயர், 'ரெஃப்' எண், 'லாட்' எண், அளவு ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருக்கும். அறுவை அரங்கில் அவற்றை உரித்து மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள்; காப்பீட்டு ஆவணத்திலும் பில்லிலும் ஒட்டுவதுண்டு. அந்த மூட்டைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவரிடம் பல நேரம் ஒன்றும் தரப்படுவதில்லை. இரண்டு சக்கர வண்டி வாங்கினால் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதிய புத்தகம் கைக்கு வருகிறது. இடுப்புக்குள் இருப்பதற்கு அது வேண்டாமா? கோப்பு மருத்துவமனையில் பத்திரமாக இருக்குமே என்பீர்கள். மருத்துவமனைகள் கோப்புகளைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. சில மருத்துவமனைகளே மூடப்பட்டுவிடுகின்றன. மூட்டோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உடலில் இருக்கும். சென்னையிலோ வேலூரிலோ அறுவை செய்துகொண்டவர் அதற்குள் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ இடம் மாறியிருப்பார்.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எல்லாரையும் அடிக்கடி வரவழைத்து எக்ஸ்ரே எடுப்பது வீண் செலவு என்று கருதும் மருத்துவர்கள் உண்டு. பிரிட்டனில் 2022இல் வெளிவந்த ஆய்வொன்று, நீண்ட காலம் நன்கு உழைப்பதாக நிரூபிக்கப்பட்ட மூட்டுகளுக்கு, முதலாண்டுக்குப் பின் பத்தாம் ஆண்டுவரை வழக்கமான பின்தொடர் பரிசோதனை தேவையில்லை. பத்தாம் ஆண்டில் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் போதும் என்று பரிந்துரைத்தது. ஆய்வில் எனக்குக் குறை தெரியவில்லை. கிராமத்திலிருந்து வாடகைக் கார் பிடித்து வரும் குடும்பத்தின் ஒரு நாள் கூலியும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பரிந்துரை 'நிரூபிக்கப்பட்ட மூட்டுகளுக்கு' மட்டும் உரியது. பிரிட்டனில் 2003 முதல் தேசிய மூட்டுப் பதிவேடு இருக்கிறது. யாருக்கு எது வைக்கப்பட்டது என்று அவர்களால் சொல்ல முடியும். ஒரு மூட்டில் குறை தெரிந்தால் கடிதம் வீடு தேடி வரும். அந்த அடித்தளம் இருப்பதால் அவர்களுக்குப் பத்தாண்டு பொறுத்திருக்க உரிமை உண்டு. இங்கே அறுவை மருத்துவர் சங்கத்தின் பதிவேடு தன்னார்வத்தில் இயங்குவது. எல்லா அறுவைகளும் அதில் ஏறுவதில்லை. தன் மூட்டின் பெயர் அறியாத நோயாளி அதைப் பார்த்து, 'எனக்கும் பத்தாண்டு பொறுத்தால் போதும்' என்று முடிவு செய்ய இயலாது. ஸ்டிக்கர் கையில் இருந்தால் இடைவெளியை நீட்டலாம். இல்லாவிட்டால் அடிக்கடி பார்த்துத்தான் ஆக வேண்டும். அலைச்சலைக் குறைக்க விரும்புவோருக்கு அந்தச் சிறு காகிதம்தான் வழி.

இங்கே வயதும் ஒரு காரணம். மேலைநாடுகளில் இந்த அறுவை பெரும்பாலும் முதியோரின் தேய்ந்த மூட்டுக்காகச் செய்யப்படுகிறது. நம்மிடம் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று, எலும்பு மடிந்து, முப்பது நாற்பது வயதிலேயே அறுவைக்கு வருவோர் கணிசமானவர்கள். ஸ்டீராய்டு மருந்து, மதுப்பழக்கம், பழைய எலும்பு முறிவு எனக் காரணங்கள் பல. முப்பத்தைந்து வயதில் மூட்டு வைத்துக்கொண்டவர் அறுபதை எட்டும்போது அது இரண்டரைக் கோடி அடிகளைத் தாங்கியிருக்கும். இவர்கள்தாம் துள்ளலோடு நடந்து, வேலையில் மூழ்கி, பரிசோதனைக்கு வராமல் இருப்பவர்களும். மூட்டு நன்றாக இருப்பதால் நடக்கிறார்கள், நடப்பதால் தேய்கிறது. நடக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடப்பதற்காகத்தானே மூட்டு.

காலம் தாழ்ந்தால் இழப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளுறை தேய்ந்து, குழிகள் தோன்றிய நிலையில், கிண்ணம் இன்னும் உறுதியாக இருக்கும்போது கண்டுபிடித்தால், உள்ளுறையையும் பந்தையும் மட்டும் மாற்றி, குழிகளில் எலும்புத் துணுக்குகளை நிரப்பி முடிக்க வாய்ப்புண்டு. கிண்ணம் தளர்ந்து, இடுப்பெலும்பின் சுவரே கரைந்தபின் வந்தால், அது பல மணி நேர அறுவை. கூடுதல் இரத்தம், பெரிய உலோகத் தாங்கிகள், நீண்ட ஓய்வு. முதல் அறுவைக்குப்பின் நடந்ததைப் போல மறுபடி நடக்க முடியும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இரண்டுக்கும் இடையில் நிற்பது பல நேரம் ஓர் எக்ஸ்ரே படம்தான். இந்த அரிப்பை நிறுத்தும் மாத்திரை இன்றுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை; கால்சியம் மாத்திரை எலும்புக்கு நல்லதாகவே இருக்கட்டும், துகள்கள் முன்னால் அது நிற்காது.

வலி வந்துவிட்டால் அதன் தன்மையைக் கவனியுங்கள். உட்கார்ந்திருந்து எழுந்ததும் முதல் சில அடிகளில் தொடையிலோ தொடையிடுக்கிலோ வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், அது தளர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். கால் குட்டையாவது, புதிதாக நொண்டுவது, இடுப்பில் வீக்கம், செராமிக் மூட்டில் கிறீச்சொலி எல்லாமே சொல்ல வேண்டியவை. ஒரு வேண்டுகோள்: மூட்டு வலிக்கிறது என்று பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். துகள்களால் வரும் தளர்ச்சியும் மந்தமான கிருமித் தொற்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரத்தப் பரிசோதனை, மூட்டுநீர்ப் பரிசோதனை, அறுவையின்போது உறையவைத்து உடனடியாகப் பார்க்கும் திசுச் சீவல் ஆகியவற்றால் இரண்டையும் பிரித்தறிகிறோம். சீவலில் நியூட்ரோஃபில் அணுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் தொற்று என்று ஐயுறுவோம். விழுங்கணுக்கள் மட்டும் தெரிந்தால் துகள்கள் என்போம். முன்கூட்டியே விழுங்கிய ஆன்டிபயாடிக், கிருமியைக் கொல்லாமல் அதன் தடயத்தை மட்டும் மறைத்துவிடக்கூடும். தொற்றுக்கும் தேய்மானத்துக்கும் அறுவை முறையே வேறு என்பதால் இந்தக் குழப்பம் நோயாளிக்குத்தான் இழப்பு.

உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டு உள்ளவர்கள், வலி இல்லாவிட்டாலும், எலும்பு மருத்துவரைப் பார்த்து இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைச் சோதிப்பது பற்றிக் கேளுங்கள். பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல், லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அந்த எண்ணைத் தாண்டினால் உடனே அறுவை என்று பொருளல்ல, எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இடுப்பில் உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இடுப்பு மூட்டுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் எடுக்கலாம். உலோகத்தால் படம் கலங்குவதைக் குறைக்கும் முறைகளும் உள்ளன. ஸ்கேன் அறையில் முதலில் கேட்பார்கள்: "என்ன மூட்டு வைத்திருக்கிறார்கள்?" மறுபடியும் அந்த ஸ்டிக்கர்.

இனி அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்களின் குடும்பத்தார், டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஸ்டிக்கரின் ஒரு படியை ஒட்டித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் பணத்திலோ அரசின் காப்பீட்டிலோ வாங்கியது உங்கள் உடலில் இருக்கிறது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தரும் மூட்டு எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்றும் கேட்கலாம். 'புத்தம் புதியது' என்ற விடை, கைப்பேசிக்குப் பெருமை, மூட்டுக்கு அன்று.

ஏற்கெனவே மூட்டு மாற்றிக்கொண்டு காகிதம் எதுவும் இல்லாதவர்கள், அறுவை நடந்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கு, பெயரும் அறுவை நடந்த ஆண்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கோப்பு கிடைக்காவிட்டாலும், தண்டின் வடிவத்தைக் கொண்டே மூட்டை அடையாளம் காணும் அனுபவம் மூட்டு அறுவை மருத்துவர்கள் பலருக்கு உண்டு. பரண்மேல் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படங்களைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிண்ணத்துக்குள் பந்து எவ்வளவு மேலேறியிருக்கிறது என்பதை அறுவைக்குப் பிந்திய முதல் படத்தோடு வைத்துத்தான் அளக்க முடியும். மஞ்சள் பையோடு அப்படியே கொண்டுவந்தாலும் சரி.